கருஞ்சாம்பல் சாயம்: அட்டையில் ஒன்று, சுவரில் வேறு

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசும்போது, வரவேற்பறையின் ஒரு சுவருக்காவது கருஞ்சாம்பல் வேண்டும் என்று கேட்போர் உண்டு. வண்ண அட்டையில் ஒன்றுபோலத் தெரிந்த இரு சாம்பல்களில் ஒன்று, சுவருக்கு வந்ததும் ஊதாவாகத் தெரியும். நிறம் கலந்து கொடுத்த சாயத்தைக் கடைகள் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை.

பெரும்பாலான சாம்பல் சாயங்களில் நீலம், பச்சை, ஊதா, பழுப்பு என ஏதேனும் ஒரு சாயல் கலந்திருக்கும். இரு அட்டைகளையும் வெள்ளைத் தாள்மீது அருகருகே வைத்தால் அது தெரியவரும்.

அடுத்தது விளக்கு. 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கு பழுப்பைத் தூக்கிக் காட்டும். 6,500 கெல்வின் வெள்ளை விளக்கு நீலத்தை. வீவக வீடுகளில் பொதுத் தாழ்வாரத்தை ஒட்டிய அறையில் பகல் வெளிச்சம் குறைவு. அங்கே கருஞ்சாம்பல் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். சாய நிறுவனங்கள் தரும் ‘எல்ஆர்வி’ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. எண் கூடினால் சுவர் வெளிச்சத்தைக் கூடுதலாகத் திருப்பித் தரும். சாமி மேடைக்குப் பின்னால் அடர்நிறம் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அந்த வழக்கை எல்ஆர்வி தீர்க்காது.

சிறிய டின் ஒன்றை வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு முறை பூசி, காய்ந்த பிறகு பாருங்கள். நீர்வகைச் சாயம் காய்ந்தால் பெரும்பாலும் சற்று அடர்ந்துவிடும். சன்னலோரம், சோபாவின் பின்புறம் என அட்டையை நகர்த்தி, பகலிலும் இரவிலும் கவனிக்கலாம். விளக்கை மாற்றும் எண்ணமிருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.