குலங்களின் கூட்டுப்பகை: 'ஷோகன் 2' விளையாட்டும் வரலாறும்

பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானைக் களமாகக் கொண்ட 'டோட்டல் வார்: ஷோகன் 2' (2011) என்னும் கணினி விளையாட்டில், ஆடுபவரின் புகழ் உச்சத்தை எட்டினாலோ கியோட்டோ அவர் வசமானாலோ ஷோகன் அவரைப் பகைவராக அறிவிக்கிறார். கணினி இயக்கும் குலங்கள் அவருக்கெதிராகத் திரள்கின்றன. உறவின் மதிப்பு சுற்றுக்குச் சுற்றுக் குறைவதால் நெடுநாள் நட்புக் குலங்களும் பெரும்பாலும் பகையாகின்றன. இவ்விதி வெறுங் கற்பனையன்று. 1568இல் ஓடா நொபுனாகாவின் படைத்துணையால் ஷோகனான அஷிகாகா யோஷியாகியே பின்னர் தக்கேதா, அசாகுரா முதலிய குலங்களுடன் அவருக்கெதிராகக் கைகோத்தார்; 1573இல் கியோட்டோவினின்று துரத்தப்பட்டார். எனினும், தொக்குகாவா இயேயாசு 1582இல் நொபுனாகா இறக்கும்வரை நட்பில் நிலைத்தார். விளையாட்டு இத்தகைய நட்புக்கு அரிதாகவே இடந்தருகிறது. இறுதிக்கட்டம் எளிதாகிவிடலாகாது என்னும் வடிவமைப்புத் தேவைக்காகவே இயேயாசு போன்றோருக்கான வாய்ப்புச் சுருக்கப்பட்டது எனக் கொள்ளலாம்.