இரண்டு ஊருக்கு ஒரு பெயர்

வானத்திலே தெரு இல்லை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் நிலத்துத் தெருக்களைக் காட்டிலும் வானத்துத் தெருக்கள் கண்டிப்பானவை. அவற்றின் சந்திகளுக்குப் பெயர்கள் உண்டு. மூன்றெழுத்து, ஐந்தெழுத்துப் பெயர்களே பெரும்பாலானவை. எந்தெந்தச் சந்திகளைக் கடந்து செல்லப்போகிறது என்பதை ஒவ்வொரு பயணிகள் விமானமும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தல் வேண்டும். இதற்குப் பயணத் திட்டம் என்று பெயர். இத்தகைய திட்டம் ஒன்றினாற்றான் ஒரு தேசத்தின் வான் போக்குவரத்து முழுவதும் ஒருநாள் நிலைகுலைந்தது.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி, இங்கிலாந்தில் விடுமுறைத் திங்கட்கிழமை. லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸுக்குச் செல்லும் விமானமொன்று பிரித்தானிய வானத்தைக் கடக்கவிருந்தது. அதன் பயணத் திட்டம் வழக்கம்போலப் பிரித்தானியக் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணனிக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. எனினும் அவ்வழியில் 'டி.வி.எல்.' என்னும் பெயருடைய சந்திகள் இரண்டு இருந்தன. ஒன்று பிரான்ஸின் டோவில்; மற்றொன்று அமெரிக்காவின் வட டக்கோட்டாவிலுள்ள டெவில்ஸ் லேக். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கடல் மைல்.

ஒரே ஒழுங்கையில் இரண்டு கந்தையர் இருந்தால், தபாற்காரன் படலையில் நின்று "எந்தக் கந்தையா?" என்று கேட்பான். கணனிக்குக் கேட்கத் தெரியவில்லை. பிரித்தானியாவை விட்டு விமானம் வெளியேறும் இடத்தைத் தேடிய அது, டோவிலுக்குப் பதிலாக டெவில்ஸ் லேக்கைப் பற்றிக்கொண்டது. வீட்டுக்குள் நுழையுமுன்னரே ஒருவன் வெளியேறிவிட்டான் என்பது போன்ற கணக்கு அது! தவறான தகவலைக் கட்டுப்பாட்டாளரிடம் கொடுப்பதிலும் வாய்மூடி இருப்பதே மேல் என்று அது வகுக்கப்பட்டிருந்தது, ஆகவே நின்றுவிட்டது.

இத்தகைய வேளைக்கென்றே துணைக் கணனி ஒன்று உண்டு. உடனே அது வேலையை ஏற்றது. அதே திட்டத்தை, அதே மென்பொருளைக் கொண்டு படித்தது. அதே இடத்தில் நின்றது. எல்லாம் இருபது விநாடிக்குள் முடிந்தன. பழுது பொறியிலே இருந்தால் இரட்டைப் பிறவி உதவும். பழுது சிந்தனையிலே இருந்தால், அதே சிந்தனையுடைய இரட்டையரால் ஆவதென்ன?

றேடரும் வானொலியும் பழுதுறவில்லை. பறந்துகொண்டிருந்தோருக்கு ஆபத்தும் இல்லை. நான்கு மணி நேரத்துக்கான திட்டங்கள் முன்னரே கையிருப்பில் இருந்தன. அதற்குள் பழுது தீரவில்லை. மனிதர் கையால் மணிக்கு அறுபது திட்டங்களையே பதிய முடிந்தது. கணனியோ நூற்றுக்கணக்கில் பதிவது. எனவே விமானங்களைத் தரையில் நிறுத்துவதன்றி வேறு வழி இருக்கவில்லை. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் அல்லலுற்றனர்.

கணனி நின்றதை யான் குறை கூறேன். ஐயம் வந்தால் நிற்பதே வான்துறையின் தருமம். ஆனால் ஐயத்துக்குரிய அந்த ஒரு திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஏனையவற்றைக் கவனிக்கும்படி அதற்கு ஏன் கற்பிக்கவில்லை? 2018 முதல் ஒன்றரைக் கோடித் திட்டங்களை இடரின்றிப் படித்ததாம். அந்தப் பெருமையே அக்கேள்வியை எவரும் எழுப்பாதபடி செய்ததோ, என்னவோ!

அதே ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி அமெரிக்காவில் நடந்ததும் இதற்குத் தூரத்து உறவே. விமானிகளுக்கு எச்சரிக்கை அறிவித்தல்கள் வழங்கும் அமைப்பில், மூலப் பதிவேட்டையும் அதன் துணைப் பதிவேட்டையும் ஒத்திசையச் செய்யும் வேலையின்போது ஒப்பந்தப் பணியாளர் தவறுதலாகச் சில கோப்புகளை அழித்துவிட்டனர். நாடெங்கும் விமானங்கள் புறப்படுவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நிறுத்தப்பட்டது. காவலுக்கு வைத்த துணையைப் பேணப் போய் விளைந்த வினை!

மீண்டும் பிரித்தானியாவுக்கு வருவோம். பழுதைத் தீர்க்க வேண்டிய பொறியியலாளர் விடுமுறை நாளாதலால் வீட்டிலிருந்து கடமை பார்த்தார். அங்கிருந்தபடி அவரது கடவுச்சொல்லை உறுதிசெய்ய இயலவில்லை. நிலையத்துக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் சென்றது. மென்பொருளை ஆக்கியோரின் உதவியை நாட நான்கு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவர்களே குற்றத்தின் மூலத்தைக் கண்டனர். பிற்பகலிற் கணனி மீண்டும் இயங்கியது. ஆயினும் விமானங்களும் விமானிகளும் இருக்க வேண்டிய ஊர்களில் இருக்கவில்லை. வீடு திரும்ப வந்தவர்கள் விமான நிலையத் தரையிலே பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தனர். எல்லாம் ஒழுங்குக்கு வரச் சில தினங்கள் சென்றன.