கோழி அடைகிடந்த ரேடியோகிராம்

அம்மா 2018ஆம் ஆண்டு காலமான பின் வீட்டுச் சாமான்களைப் பங்கிடும் பேச்சு வந்தது. பங்கிடுவதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இரண்டு தேக்கு அலுமாரி, ஒரு குத்துவிளக்கு, அம்மம்மாவின் உரல், மூலையில் அரிசி மூட்டை தாங்கி நின்ற தாத்தாவின் ரேடியோகிராம். கனடாவிலிருந்து அண்ணா தொலைபேசியில், "அதை விறகுக்குக் குடுத்திட்டு அந்த இடத்தை வெளியாக்கு" என்றார். எனக்கு மனம் வரவில்லை. மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து அதை மட்டும் என் பங்காகக் கேட்டேன். சண்டையே வரவில்லை. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

ரேடியோகிராமை அறியாத இளம் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். மூன்றடி, நாலடி நீளமான மரப்பெட்டி. ஒரு பக்கத்தில் வால்வு வானொலி, மறு பக்கத்தில் மூடியைத் தூக்கினால் இசைத்தட்டுச் சுழலும் பகுதி, கீழே இரு புறமும் ஒலிபெருக்கிகள். அமெரிக்காவில் 1960களில் தொலைக்காட்சியையும் சேர்த்து ஒரே பெட்டியாகச் செய்தார்கள். நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். அதுவரை விறாந்தையில் வைத்து அழகு பார்க்கும் பொருள் ரேடியோகிராம்தான். தாத்தா கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். 1960களில் அதை வாங்கி, யாழ்தேவியில் சரக்குப் பெட்டியில் ஏற்றி, தானும் அதே ரயிலில் வந்ததாக அம்மா சொல்லுவா. மாலையில் அயலட்டைப் பெண்கள் முற்றத்தில் பாய் போட்டு, இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்டபடி வெங்காயம் பிடுங்கி முடிவார்களாம்.

நான் அது பாடிக் கேட்டதில்லை. நான் பிறந்தது 1990இல். அந்த ஆண்டு ஆனி மாதத்தில்தான் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றித்தான் எங்கள் வீட்டிலும் செய்தி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ட், மூன்று வாட் அளவுதான். சின்ன ட்ரான்சிஸ்டருக்கு அது போதும். வால்வுப் பெட்டிக்கோ 230 வோல்ட் வேண்டும். அதனால் ரேடியோகிராம் மேசையாயிற்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தோம். எனக்கு ஐந்து வயது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது பாதி ஓடு இல்லை, கதவுகள் இல்லை. ரேடியோகிராம் மட்டும் நின்றது. பாரம் காரணமாக யாரும் தூக்கவில்லை என்று அப்பா சொன்னார். இசைத்தட்டு வைக்கும் அறைக்குள் யாருடையதோ ஒரு கோழி அடைகிடந்தது. அம்மா அதைக் கலைக்கவில்லை. ஏழு குஞ்சு பொரித்தது. திரும்பி வந்த எங்களுக்கு முதல் வருமானம் அந்த ரேடியோகிராமால் வந்தது என்று அம்மா பிறகு பகிடியாகச் சொல்லுவா.

அதைத் திருத்தும் எண்ணம் எனக்கு வந்தது பின்னர், 2019இல். அதற்குக் காரணம் என் வேலை. வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பித்தவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் படிவத்தில் தையல் இயந்திரம், கோழிக்கூடு, ஆடு, சிறுகடை என்று பெட்டிகள் இருக்கும், புள்ளடி போட வேண்டியதுதான். ஐம்பதை எட்டிய ஓர் அக்கா ஒன்றிலும் புள்ளடி போடவில்லை. கீழே கையால் எழுதியிருந்தார்: "சோல்டரிங் அயன் 1, மல்ரிமீற்றர் 1, சின்னக் குறடு 2."

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். அவரது தகப்பனார் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். பிள்ளையாக இருந்தபோதே வால்வு அம்ப்ளிபயரைக் கழற்றிப் பூட்டப் பழகியவர் அக்கா. கணவர் கிளிநொச்சியில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தார். முன்னுக்குக் கணவர் கதைப்பார், பின்னுக்கு அக்கா ஈயம் வைப்பார். 2009இல் கணவரும் போனார், கடையும் போயிற்று. செட்டிகுளம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு தகப்பனாரின் காணிக்கு வந்தபோது அவரிடம் ஒரு திருப்புளிகூட இல்லை.

எங்கள் கூட்டத்தில் அந்த விண்ணப்பம் தள்ளி வைக்கப்பட்டது. "பொம்பிளையிட்டை ஆர் றேடியோ திருத்தக் குடுப்பினம்?" என்று ஒருவர் கேட்டார். "தையல் மெஷின் குடுத்தால் கணக்குக் காட்டலாம்" என்றார் இன்னொருவர். பல்கலைக்கழகத்தில் பால்நிலை வேலைப் பிரிவினை என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கிய நான் அன்று வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்தபோதுதான் யோசனை வந்தது.

பயனாளி ஒருவரிடம் உத்தியோகத்தர் சொந்த வேலை கொடுப்பது சரியல்ல. அதைச் சொன்னதும் அக்காதான். "பிறகு மிஸ்ஸுக்கு வேலை செய்து குடுத்துத்தான் உதவி எடுத்தவள் எண்டு கதை வரும்." ஆகவே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரது விண்ணப்பத்தை வேறொருவர் பார்க்கும்படி மாற்றிய பிறகே கூலி பேசினோம். முதல் வேலையாக, கூலியில் பாதியை முற்பணமாகக் கொடுத்து ஆயுதங்கள் வாங்கினோம்.

பெட்டியை நான் பெருமையோடு செருகியில் கொழுவப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். "கறண்ட் குடுக்காதேங்கோ! முப்பது வருஷம் நித்திரை கொண்டதை அடிச்சு எழுப்பிறதே?"

இதை நம் வாசகியரும் மனதில் வைக்க வேண்டும். பழைய பெட்டிக்குள் உள்ள கப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து கெட்டுவிடும். திடீரென மின்சாரம் கொடுத்தால் அவை வெடிக்கலாம், அல்லது எளிதில் கிடைக்காத ட்ரான்ஸ்போமரை எரித்துவிடலாம். அக்கா மின்சாரக் கம்பியோடு 100 வாட் குமிழ் ஒன்றைத் தொடராகப் பூட்டினார். உள்ளே எங்காவது குறுக்கோட்டம் இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தோடு எரியும், பெட்டிக்குச் சேதம் வராது. மங்கலாக எரிந்தால் மேலே பார்க்கலாம். எங்களுடையது பளிச்சென்று எரிந்தது.

மற்ற ஆபத்து, மின்சாரத்தை நிற்பாட்டிய பின்பும் இருப்பது. வால்வுப் பெட்டிக்குள் 250 வோல்ட் அளவில் நேர்மின்சாரம் ஓடும். நல்ல கப்பாசிட்டர் அதைச் சேமித்து வைத்துப் பிறகு தொடுபவரை அடிக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி இன்னும் மோசம், அதன் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். எனவே வீட்டில் கிடக்கும் பழைய பெட்டிகளின் முதுகைப் பிள்ளைகள் கழற்ற விடாதீர்கள். மின்சாரம் உள்ள பெட்டிக்குள் அளவு பார்க்கும்போதெல்லாம் அக்கா இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சுக்கூடாகப் போகும் என்று தகப்பனார் பழக்கியதாம்.

வேலை நாலு மாதம் இழுத்தது. கப்பாசிட்டர்களைப் புறக்கோட்டையிலிருந்து எடுப்பித்தோம். வானொலியின் முள்ளை இழுக்கும் நூல் இற்றுப்போயிருந்தது. அதற்கு அக்கா மீன்பிடிக்கும் தூண்டில் நூலைப் போட்டார். இசைத்தட்டைச் சுழற்றும் ரப்பர் சில்லு கல்லாகிவிட்டிருந்தது. மெல்லிய அரத்தாளால் தேய்த்ததும் பிடிக்கத் தொடங்கியது. வலப்பக்க ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு கிழிந்திருந்தது. ஏனென்று கையை விட்டுத் துழாவினார். பெருவிரல் நகமளவு செல் துண்டு. அதை அக்கா என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து, மெல்லிய தாளைத் தண்ணீர் கலந்த பசையில் தோய்த்து அந்தக் கிழிசலை ஒட்டினார். அன்றிலிருந்து என்னை மிஸ் என்று கூப்பிடவில்லை, தங்கச்சிதான்.

ஒரு வால்வு மட்டும் கிடைக்கவில்லை, ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஈஎல் 84. கிற்றார் வாசிப்பவர்கள் இன்றும் வால்வு அம்ப்ளிபயரை விரும்புவதால், ரஷ்யாவிலும் சிலோவாக்கியாவிலும் இந்த வால்வைப் புதிதாகவே செய்கிறார்கள். விறகுக்குக் கொடுக்கச் சொன்ன அதே அண்ணாதான் வாங்கி, காலுறைக்குள் சுற்றி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். சேர்த்து ஒரு கேள்வியும் அனுப்பினார்: "கோழி இருந்த பக்கம் இன்னும் மணக்குதா?"

மரவேலைக்குத் தச்சர் ஒருவர் வந்தார். கறையான் அரித்த காலை மாற்றி, செல் துளைத்த ஓட்டைக்குத் தேக்குத் துண்டு வைத்து, அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசினார். பழைய 78 சுற்றுத் தட்டுகளும் அதே அரக்கில் செய்தவை. ஆகையால் அவற்றைச் சாராயத்தால் துடைத்தால் கரைந்து பாழாகிவிடும். துப்புரவாகத் துடைக்கிறேன் என்று நான் ஒன்றைப் பாழாக்கிய பிறகே இதை அறிந்தேன். மிஞ்சியிருந்தவை ஐந்து. இப்போது நாலு.

பூட்டி முடித்த அன்று குமிழ் முதலில் சற்று எரிந்து பின் மங்கியது. "இனிப் பயமில்லை" என்று அக்கா அதைக் கழற்றிவிட்டு நேரே மின்சாரம் கொடுத்தார். வால்வு சூடேற அரை நிமிடமாகும். அந்த அரை நிமிடத்தில் அக்காவின் மூத்த மகள் இரண்டு தரம் "பாடாது அம்மா" என்றாள். பிறகு இரைச்சல் வந்தது. உள்ளூர் நிலையங்கள் இப்போது எஃப்.எம்.மில் இருப்பதால் இந்தப் பெட்டிக்கு அவை எட்டாது. ஆனால் மத்திய அலை இரவில் வெகு தூரம் வரும். முள்ளை மெல்ல நகர்த்த, திருச்சி வானொலி கடலைத் தாண்டி வந்து பேசியது.

அடுத்த கூட்டத்தில் நான் பேசினேன். விண்ணப்பத்தில் கேட்டவற்றோடு ஒரு மேசையும் மின்விசிறியும் கிடைத்தன. கடை வாடகைக்குக் கேட்ட முற்பணம் கிடைக்கவில்லை. படிவத்தில் இன்னமும் அதே நாலு பெட்டிகள்தான் இருக்கின்றன, அதற்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் வானொலி கொண்டு வருபவர்கள் அருமை. சோறு சமைக்கும் குக்கர், மின்விசிறி, தொலைபேசி சார்ஜர் என்று வேறு சாமான்கள் வருகின்றன. கொண்டு வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்கள் இல்லாத வீட்டுக்குத் திருத்துபவர் வந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, பழுதான சாமானை வருடக்கணக்காகத் தட்டில் வைத்திருந்தவர்கள்.

கூலியின் மிச்சத்தைக் கொடுக்க அழைத்த அன்று, இருந்த நாலு தட்டில் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டோம். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கறண்ட் போனது. நாதஸ்வரம் கீழே கீழே இறங்கி, மாடு கத்தினதுபோல இழுத்து நின்றது. இருட்டுக்குள் அக்காதான் முதலில் சிரித்தார். "அப்பான்ரை ஜெனறேற்றர் எண்ணெய் முடிஞ்சாலும் இப்பிடித்தான். சாமி நடுறோட்டிலை நிக்கும்" என்றார். நான் விளக்கு எடுக்கப் போனேன்.