கூத்தும் கோட்டையும் கிழங்கும்: விழுப்புரம் வட்டாரத்து மக்களின் மகிழ்ச்சிகள்

வெகுமக்கள் பண்பாடு என்பது படிப்பு, வசதி என்ற வேறுபாடுகளைக் கடந்து பெருந்திரளான மக்கள் விரும்பிப் பார்த்தும் கேட்டும் பேசியும் மகிழ்கிற கலைகளையும் கேளிக்கைகளையும் குறிக்கும். அது திரைப்பட நகரங்களில்தான் பிறக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில், குறிப்பாக விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், அது கோயில் திடலிலும் ஆற்று மணலிலும் ஆண்டுதோறும் புதிதாகப் பிறப்பதைக் காணலாம்.

இவற்றுள் முதலிடம் தெருக்கூத்துக்கு உரியது. பாட்டு, அடவு, வசனம், ஒப்பனை ஆகியவை இணைந்து விடியும்வரை நிகழும் இந்த நாடகம், கோடைக்காலத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. பிற்பகலில் பிரசங்கியார் மகாபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அன்றிரவு அக்கதை கூத்தாக நடக்கும். இருவர் பிடித்திருக்கும் துணித்திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் வேடக்காரர் தம் பெருமையைப் பாடத் தொடங்க, திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிய, மத்தளமும் முகவீணையும் சேர்ந்து உச்சத்தை எட்டும் நேரத்தில் திரை விலகி, தோளில் புஜக்கட்டையும் காலில் சலங்கையுமாக அவர் சுழன்று வரும் கணத்துக்காகத் தூங்கிக் கிடக்கும் பிள்ளைகளையும் தாய்மார் தட்டி எழுப்புவர். அரசனை அறிமுகப்படுத்தி, இடையிடையே உள்ளூர்ச் செய்திகளையும் கேலியாகச் சேர்த்துப் பேசும் கட்டியக்காரன், பழைய கதையை இன்றைய கதையாக்கிவிடுகிறான். நிறைவு நாளில் மண்ணால் படுத்த நிலையில் செய்யப்படும் துரியோதனனின் பேருருவைச் சுற்றிப் படுகளம் என்ற போர்முடிவுச் சடங்கு நடந்து, அன்று மாலை தீமிதியோடு விழா முடியும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலில் திரௌபதி வழிபாட்டின் மையமாகச் செஞ்சி வட்டாரத்தைக் கொண்டு, அதை அடுத்த மேலச்சேரிக்குத் தனியிடம் தந்தார். இன்று கூத்து இரவுகள் யூடியூபிலும் ஏறுவதால், பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்கள் தம் ஊர்ப் பாட்டைக் கைப்பேசியில் கேட்கிறார்கள்.

ஒரே கதை வடிவம் மாறி மாறி வாழ்வதற்குச் செஞ்சி இன்னொரு சான்று. ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714இல் போரில் மாண்ட, செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேஜ் சிங் என்ற இளைஞர், மக்கள் வாயில் தேசிங்கு ராஜனாகி, கதைப்பாடலாகப் பாடப்பட்டு, பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்கப்பட்டு, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் ஆனார். மராட்டிய மன்னர் சிவாஜி 1677இல் கைப்பற்றிய அதே கோட்டை, மராட்டியப் படைத்தளங்கள் என்ற தொகுப்பின் 12 கோட்டைகளுள் ஒன்றாக, மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1928இல் விழுப்புரத்தில் பிறந்த கணேசன் என்ற நடிகர், அண்ணாவின் நாடகத்தில் அந்த மன்னராக நடித்து, பெரியார் வாயால் சிவாஜி என்ற பெயரைப் பெற்றார் என்பதும் இவ்வட்டாரத்தார் பெருமையோடு சொல்லும் செய்தி.

பெரிய கதைகளுக்கு நடுவே சிறிய மகிழ்ச்சிகளும் பருவம் தவறாமல் வருகின்றன. தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் பிடாகம், பேரங்கியூர் முதலிய இடங்களில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுப்புறக் கோயில்களின் சாமிகள் ஊர்வலமாக வந்து தீர்த்தவாரி, அதாவது ஆற்றில் நீராட்டு, காணும். மணலில் கடைகள் முளைக்கும். வளையல், பலூன், மிளகாய் பஜ்ஜியோடு, இத்திருவிழாவுக்கென்றே வந்து குவியும் சுருளிக்கிழங்கும் விற்பனையாகும். அதை வாங்காமல் வீடு திரும்புவது திருவிழா பார்த்ததில் சேராது என்பது மக்கள் கணக்கு. கோடையில் திண்டிவனம் சாலையோரங்களில் தர்பூசணி குவிந்து கிடக்கும். இங்கு மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையை, பிடுங்கிய ஈரம் காயுமுன் உப்பிட்டு அவித்து, முறத்தில் கொட்டிக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்னும் மாலையும் இவ்வரிசையில் வைக்கத் தக்கது. டிஎம்வி என்ற எழுத்துகளோடு தமிழக உழவர்கள் அறிந்த நிலக்கடலை, எள் ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை என்பதால், அந்த முறத்துக்குப் பின்னால் அறிவியலும் உண்டு.

இம்மகிழ்ச்சிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு, தனியே நுகர்ந்தால் முழுமை பெறாமை. கூத்துக்குத் திடல் நிறைய மக்கள் வேண்டும். திருவிழாவுக்கு ஆறும் மணலும் வேண்டும். மக்கள் கூடி ஆதரித்தால்தான் இவை வாழும்; ஆகவே கோட்டைக்குக் கிடைத்த உலக மதிப்பில் ஒரு பங்கேனும் அதன் நிழலில் இரவு முழுவதும் ஆடும் கலைஞர்களுக்கும் கிடைப்பதே நியாயம். வரும் கோடையில் செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர், அக்கம்பக்கத்து ஊர்களில் பாரதம் நடக்கிறதா என்று விசாரித்து, ஓர் இரவு தங்கிக் கூத்தை விடியும்வரை பார்த்து, கலைஞர்களுக்குத் தம்மால் இயன்றதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.