ஊசிக்கு வைக்கும் தேர்வு

1962 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் பாடல் ஒன்று உண்டு. கேட்போர் செவிக்கு அஃது விருந்து; இசைத்தட்டுக் கருவியின் ஊசிக்கோ அத்தகைய இசை கடுந்தேர்வு.

வினைல் தட்டில் ஒலியானது நெளிந்து செல்லும் நுண்பள்ளமாகப் பதிந்திருக்கிறது. பள்ளத்தின் இரு சுவர்களையும் விடாது தொட்டவாறு ஊசி அந்நெளிவுகளைப் பின்பற்ற வேண்டும். சீவாளியில் பிறக்கும் நாகசுர ஒலி, கூரிய நெருக்கமான நெளிவுகளாகப் பதிகிறது. பாடகரின் வாயில் பிறக்கும் 'ஸ' போன்ற உரசொலிகளும் அத்தகையனவே. தட்டின் உட்பகுதியில் இடர் இன்னும் மிகும். நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் 30 செ.மீ. தட்டின் வெளிவிளிம்பில், நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. நீளப் பள்ளம் ஊசியைக் கடக்கிறது. மையத்தை நெருங்கும்போது அது ஏறத்தாழ 20 செ.மீ. ஆகக் குறைகிறது. முன்பு விரிந்து கிடந்த ஒலி, இங்கே நெருங்கி ஒடுங்குகிறது. எனவே ஒரு பக்கத்தின் இறுதிப் பாடலைக் கொண்டே கருவியைச் சோதிப்பர். அமெரிக்காவின் டெலார்க் நிறுவனம் 1979 இல் வெளியிட்ட '1812' இசைத்தட்டு இவ்வகையில் பெயர்பெற்றது; அதில் பதிவான பீரங்கி முழக்கத்தில் ஊசி பள்ளத்தை விட்டே துள்ளியதுண்டு!

உச்சத்தில் இசை கரகரத்தால், அக்குறை எப்பக்கம் எழுகிறது எனக் கேட்க வேண்டும். சுழலும் தட்டு, ஊசி தாங்கிய கையை உள்நோக்கி இழுக்கும். அவ்விழுப்பை ஈடுசெய்யும் விசை போதாவிடில் வலப்புற ஒலி முதலில் சிதையும். இருபுறமும் சிதைந்தால், ஊசியின் அழுத்தத்தை ஐயுறலாம். பல ஊசிகளுக்கு 1.5 முதல் 2 கிராம் வரையிலான அழுத்தம் ஏற்றது. அழுத்தம் குறைந்தால் தட்டு தேயாது எனப் பலர் எண்ணுவது பிழை. பிடி தளர்ந்த ஊசி சுவரில் மோதி மோதி அதனைச் சிதைக்கும். தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் சற்றுக் கூடுதலாக வைப்பதே தட்டுக்குக் காப்பு.

காருகுறிச்சி வழியே வரும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அத்தகைய கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தட்டுகளில் பூஞ்சை படர்வது எளிது. தட்டையும் ஊசியையும் தூய்மை செய்யாது சோதித்தால் அழுக்கின் குற்றம் கருவியின்மேல் ஏறும். நல்ல கருவியிலும் அதே இடத்தில் கரகரப்பு எழுமாயின், பள்ளம் முன்பே சிதைந்துவிட்டது என்பது தெளிவு. மூல ஒலிநாடா அழிந்துபோன பாடலுக்கு எஞ்சிய தட்டே மூலம். ஆதலின் முதற்சோதனைக்கு எளிதில் கிடைக்கும் தட்டையே சுழலவிடுவர்.