கோழித்தீன் கோழிக்கே சேர வேண்டும்
தாழ்ந்த தீன்பாத்திரம் ஒன்றைத் தெரிவு செய்தல்

இடம்பெயர்ந்து மீண்டும் காணிக்குத் திரும்பும் குடும்பம் கைப்பணம் அதிகமின்றித் தொடங்கக்கூடியது ஊர்க்கோழி வளர்ப்பாகும். 1990இலும் 2007இலும் கிரான், குடும்பிமலைப் பக்கங்களில் வீடுவாசலை விட்டுப் போய் வந்தவர்களுக்கு இதனை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பற்றை மண்டிக் கிடந்த வளவில் எமக்கு முன்னரே குடியேறியவை பல உண்டு. எலி, அகிளான் எனப்படும் பெருச்சாளி, அணில், காகம் ஆகியன கோழிக்குப் போடும் தீனில் பங்கு கேட்கின்றன.

இந்தப் பங்கு சிறியதல்ல. ஓர் எலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிராம் தானியம் தின்னும். வளவில் பத்து எலிகள் இருந்தால் நாளைக்கு 200 கிராம். மூன்றரை மாதத்தில் ஒரு புசல் நெல் போய்விடும். மேய்ந்து திரியும் பத்து ஊர்க்கோழிகளுக்கு நாம் மேலதிகமாகப் போடுவதே 300 அல்லது 400 கிராம்தான். தின்பது போக, எலி மூத்திரம் பட்ட தீனால் நோய் பரவும். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும் என்பதை வயலில் இறங்குவோர் அறிவர். சிந்திய தீனுக்கு எலி வர, அந்த எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

தீன்பாத்திரம் தாழ்வாக இருத்தல் அவசியம். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்திற்கு நிற்க வேண்டும். அதனிலும் தாழ்ந்தால் கோழி காலாற் கிளறிச் சிந்தும். உயர்ந்தால் இளங்கோழிக்கு எட்டாது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. எலி இரண்டடிக்கு மேல் பாயக்கூடியது. ஆகவே கோழிக்கு எட்டும் எந்தப் பாத்திரமும் எலிக்கும் எட்டும். உயரத்தைக் கொண்டு தீனைக் காக்க முடியாது. நேரத்தைக் கொண்டு காக்கலாம். கோழி பகலில் தின்கிறது, எலியும் அகிளானும் பெரும்பாலும் இரவில் வருகின்றன. பொழுது படுமுன் ஒரு கையால் தூக்கி உள்ளே வைக்கக்கூடிய பாத்திரமே எமக்கு ஏற்றது.

கைபிடியும் மூடியும் உள்ள பழைய பெயின்ற் வாளி இதற்குப் போதும். நன்றாகக் கழுவி, அடிப்பக்கத்தைச் சுற்றி ஓர் அங்குல அகலத் துளைகள் நாலைந்து இடுங்கள். வாளியிலும் சுற்றிவர இரண்டு அங்குலம் அகன்ற தட்டு ஒன்றை அடியில் ஆணியால் இறுக்குங்கள். தட்டின் விளிம்பு இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். தட்டில் தீன் மூன்றிலொரு பங்குக்கு மேல் நில்லாதபடி துளையைச் சிறிதாக்கிக் கொண்டால் சிந்துவது வெகுவாகக் குறையும். இதனைக் கம்பிக் கொளுக்கியிற் தொங்கவிட்டால், கோழி வளர வளர உயர்த்தலாம்.

நீளமான தொட்டியே வேண்டுமென்போர் பிளந்த மூங்கிலையோ பி.வி.சி. குழாயையோ பயன்படுத்தலாம். வளர்ந்த கோழி ஒன்றுக்கு நான்கு அங்குல நீளம் கணக்கு. மேலே தானாக உருளும் தடியொன்றைப் பொருத்தாவிட்டால் கோழி ஏறி நின்று தீனுக்குள்ளேயே எச்சமிடும்.

மிதித்தால் மூடி திறக்கும் பெட்டிகளும் உள்ளன. கோழியின் பாரத்திற்குத் திறந்து, எலியின் பாரத்திற்குத் திறவாதிருப்பதே அதன் நுட்பம். அமெரிக்காவில் மான் வேட்டை நிலங்களில் தானியம் வைப்போரும் ரக்கூன் என்னும் பிராணியோடு இதே போராட்டத்தை நடத்துகின்றனர். அங்கு தகரக் கூம்புகளும் கம்பிக் கூடுகளும் விற்பனையாகின்றன. எமது வளவுகளுக்கு மிதிபெட்டியை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். பெரிய அகிளான் ஒரு கிலோ வரை வளரும். இளங்கோழியின் பாரமும் அவ்வளவுதான். செலவும் கூட.

பகலில் காகத்திற்கு வேறு வழி தேவை. பாத்திரத்தை இரண்டடி உயரக் கிடுகுப் பந்தலின் கீழ் வைத்தால் காகம் உள்ளே வரத் தயங்கும். மாரியில் அதே பந்தல் மழையையும் தடுக்கும். நனைந்த தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சாகையால், ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். வாவியில் வீசிய பழைய வலையைச் சுற்றிக் கட்டுவதாயின் இறுக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் குஞ்சின் கால் சிக்கிவிடும்.

குஞ்சுகளுக்குத் தனித் தீன் போடக் கரப்பு நல்லது. குஞ்சு மட்டும் நுழையுமளவு இடைவெளி விட்டுக் கட்டிய கரப்பைக் கவிழ்த்து, உள்ளே சிரட்டையில் குறுணல் வையுங்கள். தாய்க்கோழியும் காகமும் வெளியே நிற்கும்.

இரவில் மிகுதித் தீனை யூரியாப் பையிலோ பிளாஸ்ரிக் வாளியிலோ வைத்துப் பயனில்லை, எலி அரித்துவிடும். இறுக்கமான மூடியுள்ள தகரமே வேண்டும். அரை அங்குலத் துளை இருந்தாலும் எலிக்குஞ்சு புகும். தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.