மைசென் பீங்கானில் யப்பானிய வண்ணம்

18 ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பீங்கான்களிற் காணப்படும் யப்பானியச் சித்திரங்களை வெறும் இரசனை மாற்றத்தின் விளைவாகக் கொள்வதுண்டு. அவ்விளக்கம் போதாதென்பது எமது கருத்து.

சீனாவில் மிங் ஆட்சி வீழ்ந்து போர் நீடித்தபோது பீங்கான் ஏற்றுமதி தடைப்பட்டது. 1658 இல் எமது யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, யப்பானின் அரிட்டாவை நாடி, 1659 இல் 50,000 இற்கு மேற்பட்ட கலங்களுக்குக் கட்டளை கொடுத்தது. அங்கு வளர்ந்த கக்கியெமோன் பாணியிற் பால்வெண் தளத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்படும். ஒருபுறம் ஒதுங்கிய மூங்கில், பூத்த கிளை, அதனடியில் ஒரு காடைச் சோடி; அவ்வளவுதான். அவ்வெறுமையிலேயே அதன் அழகு தங்கியுள்ளது.

சக்சனி மன்னன் அகஸ்டஸ் 1710 இல் நிறுவிய மைசென் தொழிற்சாலை, அவனது சேகரிப்பிலிருந்த இத்தகைய கலங்களை மாதிரியாகக் கொண்டது. 1729 அளவில் இலமெயர் என்னும் பாரிசு வணிகன் அவற்றின் பிரதிகளைப் பெருந்தொகையாகச் செய்விக்க முற்பட்டான். தொழிற்சாலையின் குறுக்குவாள் முத்திரை மெருகுப்பூச்சின் கீழ் இடப்படின் அழியாது. மேலே இடப்படின் உரைஞ்சி அகற்றலாம். அவன் விரும்பியது முத்திரையற்ற, அன்றேல் முத்திரை அழியக்கூடிய கலங்களையே. பாரிசில் அவை யப்பானியக் கலங்களாக விலைபோகவேண்டியிருந்தன. பிரதி அத்துணைத் துல்லியமாக அமைந்தமைக்கு அழகுணர்ச்சியைவிடச் சந்தை விலையே பெருங்காரணமென நாம் கருதுகின்றோம்.

1731 இல் மோசடி வெளிப்பட்டது. உடந்தையாயிருந்த அமைச்சர் ஹோயிம் பதவியிழந்தார். அவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட பிரதிகள் டிறெஸ்டனிலிருந்த மன்னனின் ‘யப்பானிய மாளிகை’க்கே கொண்டுசெல்லப்பட்டு, அடிப்புறத்தில் அம்மாளிகையின் எண்கள் பொறிக்கப்பட்டன.